இரு வடிகளுக்கு நடுவே

சாராயத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைத் திரட்டினால் இரண்டு குவியல் தேறும். ஒன்றில் மதுவிலக்கு அரசியல். மற்றதில் கள்ளச்சாராயச் சாவுகள். வடித்தல் ஒரு தொழில், அதற்கென முறைமை உண்டு, அந்த முறைமைக்குள் தேர்ச்சியும் பிழையும் உண்டு என்று கொண்டு எடைபோட்ட எழுத்து அரிது. அப்படி எழுதியவர்களும் ஊறலையும் அடுப்பையும் வாலையையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் வடியில் இறங்கிய சரக்கு இரண்டாம் வடிக்கு ஏறும்வரை எந்தக் கலத்தில் கிடக்கிறது, எதன் வழியாகக் கலம் மாறுகிறது, யார் பொறுப்பில் இருக்கிறது? ஒரு வடிமரபின் தகுதியை நிறுக்க இந்தக் கேள்வியே போதும் என்பது என் கருத்து. அடுப்பெரிக்கும் நேரத்தில் எவரும் கவனமாக இருப்பார்கள். அடுப்பு அணைந்த பிறகு காட்டும் கவனத்தில்தான் மரபுகள் பிரிகின்றன.

முத்துப்பேட்டையிலிருந்து இதைக் கேட்கக் காரணம் உண்டு. காவிரியின் கடைமடையில், அலையாத்திக் காட்டை ஒட்டி, நெல்வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் ஊர் இது. பாளைக்குப் பஞ்சமில்லை. கள்ளுக்காகப் பாளை சீவத்தான் அனுமதி இல்லை. கள்ளும் சாராயமும் தமிழகத்தில் 1987 சனவரி 1-இல் தடைசெய்யப்பட்டன. வீட்டில் வடிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதை மீறச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் பாக் நீரிணைக்கு அக்கரையில் அதே தென்னையிலிருந்து சட்டப்படி சாராயம் இறங்குகிறது. மேற்குக் கரையில் கோவாவில் குடும்பத் தொழிலாகவே வடிக்கிறார்கள். ஒரே வெப்பம் இருந்தும் இவர்கள் எட்டிய இடங்கள் வேறு. ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

முதலில், இடைநிலைச் சரக்கு ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாதாரணப் பானை வாலையில் முதல் வடி கன அளவில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு வலிமையில் இறங்கும். அதில் எத்தனாலோடு அசெட்டிக் அமிலமும் கொழுப்பமிலங்களும் எஸ்டர்களும் சேர்ந்தே வருகின்றன. அமிலம் இருப்பதால் செம்பிலோ பித்தளையிலோ நாள்கணக்கில் விட்டால் களிம்பேறும். புளி கரைத்ததை ஈயம் பூசாத பித்தளையில் வைக்காத நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் வடியின் சரக்குக்குச் சிக்கல் வேறு. வலிமை ஏற ஏற எத்தனால் சிறந்த கரைப்பானாகிறது. ரப்பரிலும் மென்மையான பிளாஸ்டிக்கிலும் உள்ள வேதிப்பொருள்களை உருவி எடுத்துக்கொள்கிறது. இதோடு தீ அபாயமும் சேர்கிறது. 40 விழுக்காட்டுச் சாராயத்தின் ஆவி ஏறக்குறைய 26 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். சித்திரையில் டெல்டாவின் நிழல்கூட அதைவிடச் சூடு. எரியும் அடுப்பின் அருகே திறந்த கலத்திலிருந்து இன்னொரு திறந்த கலத்துக்குச் சாய்ப்பவன் எத்தனை ஆண்டு அனுபவசாலியாக இருந்தாலும் அந்தத் தொழிலின் முதல் பாடத்தில் தவறியவன்.

ஆக, நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். கலம் என்ன பொருளால் ஆனது. ஒரே வடியில் முதலில் இறங்கும் முன்வடி, இடையில் இறங்கும் நடுவடி, முடிவில் இறங்கும் கடைவடி மூன்றும் பிரிந்தே இருக்கின்றனவா. வலிமையை எப்படி அளக்கிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கணக்கு இருக்கிறதா. சுவையைப் பற்றிய பேச்சு இவற்றுக்குப் பின்னால்தான்.

கோவாவிலிருந்து தொடங்குவதே முறை. வீட்டு வடிப்பு மரபாகவே நீடிக்கும் இந்திய மாநிலம் அது. முந்திரிப்பழச் சாற்றைப் புளிக்கவைத்து முதலில் வடிப்பது உர்ராக். அதைப் புதிதாகப் புளித்த சாற்றோடு கலந்து மீண்டும் வடித்தால் ஃபெனி. 2009-இல் கோவா முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மரபின் தலையாய சிறப்பு, இடைநிலைச் சரக்குக்குத் தனிப்பெயரும் தனிச் சந்தையும் இருப்பது. உர்ராக் அதன் பருவத்தில் அப்படியே குடிக்கப்படுகிறது, விற்கப்படுகிறது. பெயர் இருந்தால் அதற்கென ஒரு கலம் இருக்கும். கலம் இருந்தால் கலப்படம் கண்ணில் படும். முதல் வடிக்குப் பெயரே வைக்காத மரபுகளில் அது மற்றதோடு கலந்து கரைந்துவிடுகிறது.

அந்த வடிகூடத்தைக் கிட்ட நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பழைய முறையில் கொதிகலத்திலிருந்து வரும் ஆவி ஒரு குழாய் வழியாக லாவ்ணி என்ற மண்கலத்துக்குள் போகும். அதன் மேல் ஒருவர் விடாமல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார். குளிர்விக்கும் கலமும் சேகரிக்கும் கலமும் அதுவேதான். இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது: ஆவி திரவமாகிய இடத்திலேயே தங்கிவிடுகிறது, இடையில் ஊற்றல் இல்லை. ஆனால் அதே நேர்த்தியே குறையும் ஆகிறது. முன்வடியும் நடுவடியும் கடைவடியும் ஒரே வயிற்றில் சேர்கின்றன, பிரித்தெடுக்க வழியில்லை. எப்போது நிறுத்துவது என்பது மட்டுமே வடிப்பவர் கையில். நீர்த்தொட்டிக்குள் சுருள்குழாய் வைக்கும் புதிய முறை வந்தபின் சொட்டு கண்ணெதிரே விழுகிறது, பிரிப்பும் கைகூடுகிறது. பழமையை மட்டும் வைத்து மதிப்பிடுபவர்கள் இந்த மாற்றத்தைச் சீரழிவு என்பார்கள். எனக்கு அது தெளிவான முன்னேற்றமாகவே தெரிகிறது.

சேமிப்பில் கோவா பாதி தூரம்தான் வந்திருக்கிறது. கர்ராஃபா என்ற பெருவயிற்றுக் கண்ணாடிக் குடுவை ஃபெனிக்கு உகந்தது. அது எதையும் கொடுக்காது, எதையும் எடுக்காது, உள்ளே இருப்பதைக் காட்டும். ஆனால் மலிவும் எடைக்குறைவும் கருதி பிளாஸ்டிக் கேன்களுக்கு மாறிய வடிகூடங்களும் உண்டு. நன்றாகப் பிரித்து, கவனமாக நிறுத்தி, கடைசியில் ஏதோ ஒரு கேனில் ஊற்றிக் கட்டும்போது முன்செய்த உழைப்பெல்லாம் பாழாகிறது. குறியீடு தந்தவர்கள் பழத்தையும் பரப்பெல்லையையும் வரையறுத்த அளவுக்குக் கலத்தின்மீது அழுத்தம் கொடுத்திருந்தால் ஃபெனியின் மதிப்பு உயர்ந்திருக்கும்.

இலங்கைத் தென்னஞ்சாராயம் இதற்கு நேர் எதிரான பலமும் பலவீனமும் கொண்டது. தெற்கு, மேற்குக் கரைத் தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டி, இறங்காமலே பாளை சீவுகிறார்கள். தென்னங்கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். ஒரு நாள் தாண்டினால் காடியாகும். கள்ளைச் சேமிக்க முடியாது, சாராயத்தைத்தான் சேமிக்க முடியும். இந்த நெருக்கடி அவர்களைச் சேமிப்பில் தேர்ந்தவர்களாக்கியது. ஹல்மில்லா மரத்தில் செய்த பெரிய தொட்டிகளில் சாராயம் ஆண்டுக்கணக்கில் ஓய்வெடுக்கிறது. வணிகத்தில் திருகோணமலை மரம் என்று பெயர் பெற்றதும் இதுதான். தொட்டி பெரிதானால் சரக்கின் அளவோடு ஒப்பிட மரம் தொடும் பரப்பு குறையும். அதனால் மரத்தின் வாடை சாராயத்தை ஆள்வதில்லை. ஓக் பீப்பாயில் விஸ்கி பெறும் வெண்ணிலா மணத்தை இதில் தேடுபவர் தவறான இடத்தில் தேடுகிறார். இங்கே மரத்தின் வேலை மணம் ஏற்றுவதல்ல; கூர்மையை மெல்லத் தணிப்பது.

வெப்பமண்டலத்தில் மரத்தில் வைப்பது சிக்கனமான முடிவல்ல என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரில் வடிக்கும் விஸ்கியில் இழப்பு 10 விழுக்காட்டைத் தொடுகிறது, தாண்டவும் செய்கிறது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் நீரைவிட எத்தனால் விரைந்து வெளியேறும். வலிமையும் சேர்ந்தே இறங்கும். அளவிலும் வலிமையிலும் இழப்பை ஏற்றுக்கொண்டு தொட்டியை மூடி வைக்கும் பொறுமைக்கு முதலீடு வேண்டும், உரிமம் வேண்டும், நாளைக்கும் இந்தத் தொழில் இருக்கும் என்ற நிச்சயமும் வேண்டும். இலங்கையில் இந்த மூன்றும் இருந்தன.

ஆனால் தொட்டியில் காத்த நேர்மை புட்டியில் காக்கப்படவில்லை. அராக்கு என்ற பெயரில் விற்கும் மலிவு வகைகளில் கரும்புப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயம் கணிசமாகக் கலக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓய்வெடுத்த தென்னஞ்சாராயம் கடைசிக் கலம் மாற்றத்தில் தன் அடையாளத்தை இழக்கிறது. இது உடலுக்குக் கேடான கலப்படம் அல்ல. பெயருக்குக் கேடான கலப்பு. திறனாய்வுக்கு இரண்டாவதும் குற்றம்தான். முழுக்கத் தென்னையிலிருந்தே வந்த வகைகளைத் தனித்து வைத்தால் இலங்கையின் சாதனை ஐயத்துக்கு இடமில்லாதது.

இலங்கையின் வடக்கில் உள்ள வடமராட்சியின் திக்கம் வடிசாலையைப் பற்றியும் ஒரு சொல். பனை ஆண்டு முழுதும் சுரக்காது. பருவத்தில் வடித்ததைப் பருவமில்லாத மாதங்களுக்குக் காத்துவைத்தால்தான் பனஞ்சாராயத் தொழில் நிற்கும்; தென்னையைவிடக் கடினமான தேர்வு அது. சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களை அடித்தளமாக வைத்து அந்தத் தேர்வை எழுதத் துணிந்தது திக்கம். போரும் நிர்வாகச் சிக்கல்களும் அதன் தொடர்ச்சியை அறுத்தன. தொடர்ச்சி அறுந்த முயற்சியை முழுத்தேர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆயினும் வடிசாலை சீவுபவரின் கூட்டுறவிலேயே இருக்கலாம், கணக்கும் கலமும் அவர்கள் கையிலேயே இருக்கலாம் என்று காட்டிய முன்மாதிரி தமிழ் நிலத்தில் வேறெங்கும் இந்த அளவில் இல்லை. அந்த எண்ணத்துக்கு உரிய மதிப்பை நம் எழுத்துகள் இன்னும் தரவில்லை.

இனி நம் பக்கம். டெல்டாவில் இரண்டு வகைச் சரக்கு புழங்குகிறது. ஒன்று, காரைக்காலிலிருந்து கடத்திவரப்படும் பாக்கெட் சாராயம். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்து புதுச்சேரியோடு நிற்கும் அந்த ஊரில் சாராயக்கடை சட்டப்படி நடக்கிறது. மூலம் எரிசாராயம், இதற்கும் வீட்டு வடிப்புக்கும் உறவில்லை. ஆலையில் வலிமை அளந்து அடைத்தது என்ற அளவில் இதற்கு ஒரு தகுதி உண்டு. எல்லை தாண்டிக் கைமாறிய கணமே அந்தத் தகுதிக்கு ஆதாரம் போய்விடுகிறது. பாக்கெட்டைப் பிரித்து வேறு கேனில் ஊற்றி, தண்ணீரோ வேறொன்றோ சேர்த்து விற்பவனைத் தடுக்க அதில் எதுவும் இல்லை.

மற்றது, வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுவது. இதைப் பற்றி ஓர் ஏக்கப் பேச்சு உலவுகிறது: பட்டைச் சாராயம் சுத்தமானது, பெரியவர்கள் குடித்தும் நூறாண்டு இருந்தார்கள் என்று. ஊறலைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வெல்ல ஊறலிலும் தென்னங்கள்ளிலும் மெத்தனால் மிக மிகக் குறைவாகவே உண்டாகும். பெக்டின் நிறைந்த பழக்கூழில்தான் அது கூடும். ஆனால் ஏக்கப் பேச்சு பார்க்க மறுப்பது அடுப்புக்குப் பிந்திய கட்டத்தை. அலுமினியக் குண்டானில் காய்ச்சி, வாயில் துணி சுற்றி, இறங்கியதை முன், நடு, கடை என்ற பேதமின்றி ஒன்றாக்கி, முன்பு என்ன இருந்ததென்றே தெரியாத வெள்ளைக் கேனில் ஊற்றுகிறார்கள். தொலைவுக்குக் கொண்டுபோக லாரி டியூப். சாலைச் சோதனையில் சாக்குமூட்டைபோல் மடியும், தோளில் மாட்டலாம், சத்தம் வராது என்பதற்காகத் தேர்ந்த கலம் அது. மறைப்பதற்கு அதைவிட உகந்தது இல்லை. வைப்பதற்கு அதைவிட மோசமானதும் இல்லை. கரைப்பானை ரப்பருக்குள் அடைத்து வெயிலில் சுமப்பது சேமிப்பே அல்ல. தடையின் கீழ் நடக்கும் தொழிலில் கலத்தைத் தேர்வது வடிப்பவரல்ல, வழியில் நிற்கும் காவலர். டெல்டாவின் தோல்விக்கு வேர் அங்கே இருக்கிறது. இது மன்னிப்புக்கான வாதமல்ல, காரணத்தின் விளக்கம்.

அளவையிலும் இதே கதைதான். தீக்குச்சியைக் கிழித்து வைத்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்கிறார்கள். குலுக்கிப் பார்த்துக் குமிழி நிற்பதை வைத்து வலிமை சொல்கிறார்கள். குமிழிச் சோதனைக்குத் தோராய மதிப்பு உண்டு. கோவாவிலும் பழையவர்கள் அதைக் கையாண்டவர்களே. தீக்குச்சிச் சோதனைக்கு மதிப்பே இல்லை, ஏனெனில் மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். எரிந்ததால் நல்லது என்று நம்பியவர்களுக்கு அந்தச் சுடர் எந்த உறுதியும் தரவில்லை. மிதப்புமானி வைத்திருப்பவரும் வெப்பநிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும். கலால் துறை நெடுநாள் பயன்படுத்திய சைக்ஸ் மிதப்புமானி குளிர்நாட்டு வெப்பநிலைக்கு அமைந்தது. திருத்தம் செய்யாமல் டெல்டாவின் 32 பாகையில் மிதக்கவிட்டால் வலிமையை ஐந்தாறு புள்ளி கூட்டிக் காட்டும். இந்தியப் புட்டிகளில் காணும் 42.8 என்ற விசித்திர எண்ணே புரூஃப் என்ற பழைய வலிமைக் கணக்கின் மிச்சம்: 75 பாகை புரூஃபைக் கன அளவு விழுக்காட்டுக்கு மாற்றினால் கிடைப்பது.

மெத்தனால் என்றதும் கள்ளக்குறிச்சி நினைவுக்கு வராமல் போகாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். இதற்குப் பின் எழுதியவர்களில் பலர், முன்வடியைக் கொட்டாததால் வந்த விபரீதம் என்று விளக்கம் தந்தார்கள். அறிவியல்போல் ஒலித்தாலும் அது பிழை. மெத்தனாலின் கொதிநிலை 64.7 பாகை, எத்தனாலினுடையது 78.4 என்பது சரி. ஆனால் நீரோடு கலந்த நிலையில், பானை வாலையில், மெத்தனால் முன்வடியில் மட்டும் ஒதுங்கி வருவதில்லை. வடி முழுவதும் பரவியே வரும். ஊறலில் மெத்தனால் இல்லையென்றால் எந்த வடியிலும் அது கொல்லும் அளவுக்கு வராது. அந்த ஊர்களுக்கு வந்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். அடையாளம் மறைந்து கைமாறிச் சாராயமாக விற்கப்பட்டது. அதாவது அவை வடித்தலின் தோல்விகள் அல்ல; கலத்தின் தோல்விகள், கைமாற்றத்தின் தோல்விகள். இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட எந்த ஆய்வும் அடுத்த சாவைத் தடுக்க உதவாது. 2024-லேயே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். தண்டனையின் கடுமையைக் குறை சொல்லவில்லை. ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பீப்பாய் மெத்தனாலும் எங்கே போய் நிற்கிறது என்ற கணக்கே அதைவிடப் பயன் தரும் என்பது என் வாதம்.

கணக்கு வைத்தால், ஒளிய வேண்டாதிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஸ்காட்லாந்தின் வடிசாலைகளில் இறங்கும் சாராயம் பூட்டிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும்; வடிப்பவர் கைபடாமலே பிடியைத் திருப்பி நடுவடியை ஒரு தொட்டிக்கும் முன்னையும் கடையையும் இன்னொன்றுக்கும் அனுப்புவார். வரி வாங்குவதற்காக அரசு போட்ட பூட்டு, தரத்துக்கும் காவலானது. நியூசிலாந்து 1996 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் வடிப்பதை அனுமதித்திருக்கிறது. ஒளிய வேண்டியதில்லை என்பதால் அங்கே கண்ணாடியும் துருப்பிடிக்காத எஃகும் வீட்டுக்கு வந்தன. அங்கும் ஒரு குறையைச் சுட்ட வேண்டும். முன்வடியையும் கடைவடியையும் வீணாக்காமல் அடுத்த வடியில் சேர்ப்பது வழக்கம், சிக்கனமானதுதான். ஆனால் எதையும் வெளியேற்றாமல் சுற்றிச் சுற்றிச் சேர்த்தால் அசெட்டால்டிகைடும் எத்தில் அசெட்டேட்டும் வடிக்கு வடி திரளும். ஐந்தாவது சுற்றின் முன்வடி முதல் சுற்றினதைவிடக் கெட்டது. சேமிப்பது போலவே எப்போது கைவிடுவது என்று அறிவதும் இந்தத் தொழிலின் பகுதி.

தீர்ப்பு இது. சுருள்குழாய் வந்தபின் பிரிப்பிலும், என்றும் பெயரிடலிலும் கோவா முதலிடம். கலத்தில் அது இரண்டாம் தரத்திலேயே நிற்கிறது. கலத்திலும் பொறுமையிலும் இலங்கைத் தென்னஞ்சாராயம் நிகரற்றது; பெயரின் நேர்மையில் அதன் மலிவு வகைகள் தோற்றவை. நான்கு அளவுகோலையும் சேர்த்துப் பார்த்தால் கலப்பில்லாத இலங்கைச் சாராயத்துக்கே முதன்மை தருவேன். திக்கம் முழுமை பெறாத சாதனை, ஆனாலும் நமக்கு மிக நெருங்கிய பாடம். டெல்டாவில் காய்ச்சும் முறை நான்கில் ஒன்றிலும் தேறவில்லை. கள்ளுக்கு உரிமம் வேண்டுமென்று கேட்பவர்களும் வேண்டாமென்று மறுப்பவர்களும் மரத்தைப் பற்றியும் வருவாயைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்றேனும் சட்டம் மாறுமானால் முதல் விதி கலத்தைப் பற்றி எழுதப்பட வேண்டும்: எந்தப் பொருளால் ஆனது, எந்த நாளில் நிறைந்தது, எந்த வலிமையில், யார் கையெழுத்தில். மாறாவிட்டாலும், மெத்தனால் பீப்பாய்களுக்கு அதே விதியை நாளையே எழுதலாம். அதற்கு எந்தத் தடைச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.